புல்லுக்குப் புல், சோலைக்குச் சோலை

கோத்தகிரிப் பக்கம், எங்கள் ஹட்டிக்கு (ஊருக்கு) மேலே இருக்கிற சரிவில், பழைய புல்வெளியையும் சோலையையும் திரும்பக் கொண்டுவர நாங்கள் பதினோரு பெண்கள் வேலை செய்கிறோம். சோலை என்றால் இந்த மலையில் தானாக வளர்ந்த பசுமைமாறாக் காடு. விசாரிக்க வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, "அக்கா, என்ன மரம் நடலாம்?" முதல் வருடம் எதையும் நட வேண்டாம். சும்மா நடந்து பாருங்கள்.

அந்த இடம் முன்பு புல்லா, சோலையா? அதைத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஊரில் எருமை மேய்த்த பெரியவர் ஒருவரைக் கூட்டிப் போங்கள், கைத்தடியாலேயே எல்லை காட்டிவிடுவார். பெரும்பாலும் பள்ளத்திலும் ஓடைக்கரையிலும் சோலை, மேட்டில் புல். இது தெரியாமல் நாங்கள் மேட்டுப் புல்லில் நாவலும் காட்டுச் செண்பகமுமாக 200 கன்று வைத்தோம். ஜனவரி உறைபனியில் எல்லாம் வெந்நீர் ஊற்றியது போலக் கருகிவிட்டன. பிழைத்தவை மூன்று. மூன்றும் புதர் மறைவில் நின்றவை. அன்றிலிருந்து சோலைக் கன்றுகளைச் சோலை ஓரத்திலேதான் வைக்கிறோம்.

எந்த மரத்தையும் வெட்டுவதற்கு முன் அனுமதி வாங்குங்கள். வனநிலத்துக்கு மட்டும் இல்லை, 1955ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் பட்டா நிலத்துக்கும் உண்டு. அலைச்சல்தான், வேறு வழியில்லை.

அடுத்தது சீகை. தலைக்குத் தேய்க்கிற சீகைக்காய் இல்லை, இங்கிலீஷில் வாட்டில் என்பார்களே, அது. வெள்ளைக்காரன் கொண்டுவந்த மரம். தோல் பதனிடப் பட்டை வேண்டும் என்று பிற்பாடும் நிறைய நட்டார்கள். புல்வெளிக்குள் புதிதாக நுழைகிற சீகையை உடனே எடுங்கள். ஆனால் பழைய சீகைக் காட்டுக்குள் ஒருமுறை குனிந்து பாருங்கள். நிழலில் சோலைக் கன்றுகள் தானாக முளைத்திருந்தால் கை வைக்காதீர்கள். வெட்டினால் வெயில் இறங்கும், சீகைதான் திரும்ப எழும்பும். தீ வைக்கவே கூடாது. மண்ணுக்குள் பல வருடமாகத் தூங்குகிற சீகை விதையைச் சூடு எழுப்பிவிடும். வெட்டிய விறகை வேலைக்கு வந்த வீடுகளுக்கே பிரித்துக் கொடுங்கள். மறுவாரம் ஆள் வருவது அதனால்தான்!

நாற்றங்காலுக்குச் செலவு அதிகமில்லை. சோலை மர விதையைப் பெரும்பாலும் காயவைத்துப் பத்திரப்படுத்த முடியாது, காய்ந்தால் செத்துவிடும். செண்பக விதையின் சிவப்புச் சதையை மணலில் தேய்த்துக் கழுவி, அன்றைக்கே நிழல் பாத்தியில் போடுங்கள். முளைக்க மாதக்கணக்காகும், பாத்தியைக் கொத்திப் பார்க்கிற அவசரம் எனக்கும் இருந்தது. கன்று பையில் இரண்டு வருடம் இருக்கட்டும். புல்லுக்கு விதையை நம்பாமல், சாலை அகலப்படுத்த மண் சுரண்டப்போகிற இடத்தில் தூர்களைக் கேட்டு வாங்கி, பிரித்து, ஜூன் மழையில் ஒரு அடிக்கு ஒன்றாக ஊன்றுகிறோம்.

பிறகு வருடா வருடம் களையெடுப்பு. சீகை நாற்று முழங்கால் உயரத்துக்குள் இருக்கும்போது, மழை விட்ட மறுநாள் போங்கள்; ஈர மண்ணில் வேரோடு வரும். வரவில்லை என்றால் அது நாற்றாக இருக்காது, பழைய வேரிலிருந்து கிளம்பிய துளிர். அதற்கு மண்வெட்டி கொண்டுபோக வேண்டும்.