சிவிலைசேஷன் 6: ஏஐ தலைவர்களோடு சண்டை வராமல் ஆட, தவிர்க்க வேண்டிய தவறுகள்

"சும்மா இருந்தேன், ஏஐ படையெடுத்து வந்துவிட்டது." ஒவ்வொரு நாடாக முறை (டர்ன்) வைத்து நகர்த்தி ஆடும் கணினி விளையாட்டான சிவிலைசேஷன் 6-ஐ ஆடுகிறவர்களிடம் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. ஏஐ என்பது மற்ற நாட்டுத் தலைவர்களை ஆட்டுவிக்கும் கணினி. பெரும்பாலும் அது காரணத்தோடுதான் வருகிறது. தலைவரின் படத்தைச் சொடுக்கி உறவுப் பக்கத்தைத் திறந்தால், எதற்கு எத்தனை பிளஸ், எதற்கு எத்தனை மைனஸ் என்று வரிவரியாக இருக்கும். இந்தப் பற்றுவரவைப் பார்க்காமல் ஆடுவதுதான் தாய்த் தவறு. கீழே வரும் எண்கள் ஸ்டாண்டர்ட் வேகத்துக்கும், 2019 பிப்ரவரியில் வந்த கேதரிங் ஸ்டார்ம் விரிவாக்கத்துக்கும் உரியவை.

சந்தித்த டர்னிலேயே டெலிகேஷன் அனுப்பாதது

டெலிகேஷன் என்பது நல்லெண்ணத் தூதுக்குழு; அதற்கு 25 தங்கம். ஒரு தலைவரை முதன்முதலாகச் சந்திக்கும் அதே டர்னில் அனுப்பினால் அநேகமாக எல்லோரும் வாங்கிக்கொள்வார்கள். நாலு டர்ன் தள்ளிப்போட்டால், அதற்குள் அவருடைய அஜெண்டாவால் (விருப்பு வெறுப்புக் கொள்கை) மைனஸ் விழுந்து முகம் சிவந்திருக்கும். அதன்பின் கதவைச் சாத்திவிடுவார். ஆட்டத் தொடக்கத்தில் கையில் உள்ள தங்கத்தையெல்லாம் பில்டர் (நிலத்தை மேம்படுத்தும் தொழிலாளி) வாங்கத் துடைத்துவிடுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். யாரையும் இன்னும் சந்திக்கவில்லை என்றால் 25-ஐத் தொடாமல் வைத்திருங்கள். டிப்ளமாட்டிக் சர்வீஸ் என்ற சிவிக் (பண்பாட்டு வளர்ச்சிப் படி) முடிந்ததும் டெலிகேஷனின் இடத்தில் எம்பசி (தூதரகம்) வரும். அதையும் நினைவாக அனுப்ப வேண்டும். பலர் விட்டுவிடுவது இது.

அஜெண்டாவைப் படிக்காமல் விடுவது

ஒவ்வொரு தலைவருக்கும் வெளிப்படையான அஜெண்டா ஒன்று உண்டு, மறைவான ஒன்றும் உண்டு. வெளிப்படையானது ஆட்டத்துக்கு ஆட்டம் மாறாது. சின் ஷி ஹுவாங் பக்கத்தில் இருக்கும்போது வொண்டர்களை (உலக அதிசயங்கள்) வரிசையாகக் கட்டினால் அவர் பொருமத்தான் செய்வார். ஃபிரெட்ரிக்குக்கு நீங்கள் சிட்டி ஸ்டேட்களோடு (ஒற்றை நகர நாடுகள்) ஒட்டி உறவாடுவது பிடிக்காது. டிராஜனுக்குச் சின்ன நாடென்றால் இளக்காரம். கிளியோபாட்ராவுக்குப் படை பலவீனமாக இருப்பவர்களைக் கண்டாலே ஆகாது. மாண்டெசுமா இன்னும் வேடிக்கையானவர்: தன்னிடம் இல்லாத லக்சுரி (ஆடம்பரப் பொருள்) உங்களிடம் இருப்பதே அவருக்குக் குற்றம்.

எல்லோரையும் திருப்திப்படுத்த முயல்வது வீண் வேலை. எல்லையை ஒட்டி இருக்கும் ஒருவரையோ இருவரையோ தேர்ந்தெடுத்து அவர்கள் அஜெண்டாவுக்கு ஏற்ப வளைந்துகொடுத்தால் போதும். மறைவான அஜெண்டா தெரியவேண்டுமானால் அவர்மீது உங்களுக்குள்ள டிப்ளமாட்டிக் விசிபிலிட்டி (அவரைப் பற்றி உங்களுக்குத் தெரியும் அளவு) ஏற வேண்டும். டெலிகேஷன் அல்லது எம்பசி, அவர் நகரத்துக்கு ஒரு டிரேட் ரூட், பிரிண்டிங் தொழில்நுட்பம், ஒற்றர் வைக்கும் லிசனிங் போஸ்ட் ஆகியவை இதை ஏற்றும்.

படை எண்ணைக் கவனிக்காதது

சமாதானமாக ஆட நினைப்பவர்களே அதிகம் சறுக்கும் இடம் இது. ஒரே ஒரு வாரியரோடு (தொடக்கப் படைவீரர்) செட்லர்களாக (புது நகரம் அமைப்பவர்கள்) உருவாக்கிக்கொண்டே போவார்கள். ஆனால் மிகக் கடினமான டைட்டி நிலையில் ஏஐ 3 செட்லர், 5 வாரியரோடு ஆட்டத்தைத் தொடங்குகிறது. பக்கத்தில் பாதுகாப்பில்லாத நகரம் கண்ணில் பட்டால் அதற்குச் சபலம் தட்டும். செட்டிங்ஸில், மேலே தலைவர்களின் படங்கள் வரும் ரிப்பனில் எண்கள் எப்போதும் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள்; அதில் படைபலமும் ஒன்று. உங்கள் படைபலம் பக்கத்து நாட்டின் எண்ணில் பாதிக்குக் கீழே இறங்கினால் அடுத்து செய்ய வேண்டியது ஆர்ச்சர் (வில்லாளி), செட்லர் இல்லை. இது அனுபவக் கணக்குதான், விதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஏஐ படைகள் உங்கள் நகரத்தருகே கொத்தாக வந்து நின்றால் துருப்புகளை விலக்கச் சொல்லிக் கேட்க முடியும். அதே கோரிக்கை உங்களிடமும் வரும். பார்பேரியன்களை (எந்த நாட்டையும் சேராத கொள்ளைக் கூட்டம்) விரட்டத்தான் நிறுத்தினோம் என்பது அதற்குத் தெரியாது. விலகுகிறேன் என்று சொன்னால் விலகிவிடுங்கள். செட்லர் விஷயமும் அப்படியே: "என் பக்கத்தில் நகரம் அமைக்காதே" என்று கேட்கும்போது தலையாட்டிவிட்டு அமைத்தால், வாக்குத் தவறியதற்காகக் கிரீவன்ஸ் (உங்கள்மீதான மனக்குறைக் கணக்கு) ஏறும்.

ஃப்ரெண்ட்ஷிப் முடியும் டர்னை மறப்பது

ஃப்ரெண்ட்ஷிப் அறிவித்தால் 30 டர்னுக்கு இருவரும் ஒருவர்மீது ஒருவர் போர் தொடுக்க முடியாது. ஆட்டத்தில் இதைவிட நல்ல மதில் கிடையாது, காசும் செலவில்லை. முகம் பச்சையாகச் சிரித்த டர்னிலேயே கேளுங்கள். 42-ஆம் டர்னில் செய்துகொண்டது 72-இல் முடிகிறது என்றால் ஒரு தாளில் குறித்து வையுங்கள், அந்த டர்னில் முதல் வேலை புதுப்பிப்பதாக இருக்கட்டும். எல்லையில் படை குவித்துக் காத்திருக்கும் ஏஐக்கு ஒரு டர்ன் இடைவெளியே போதும்.

சிவில் சர்வீஸ் சிவிக் வந்ததும் அலையன்ஸ் (கூட்டணி) போடலாம். ஒவ்வொரு வகையிலும் ஒருவரோடு மட்டுமே முடியும் என்பதால், தூரத்து நாட்டுக்கு ரிசர்ச் அலையன்ஸைக் கொடுத்துவிட்டு, எல்லையில் முறைத்துக்கொண்டிருப்பவரை விட்டுவிடாதீர்கள். முதலில் அருகில் இருப்பவரைக் கட்டிப்போடுங்கள். எந்த வகை என்பது அப்புறம்.

நண்பனுக்காகச் சண்டை வாங்குவது

ஜாயிண்ட் வாருக்கு (கூட்டுப் போர்) நண்பர் அழைப்பார். முகம் கோணுவாரே என்று சம்மதித்தால், எதிரியின் நண்பர்கள் அத்தனை பேரின் கணக்கிலும் உங்களுக்கு மைனஸ். மறுத்துவிடுவதே மேல். டினவுன்ஸ் செய்வதும் (ஒருவரைப் பகிரங்கமாகக் கண்டிப்பது) இதே ரகம்தான். கில்காமேஷின் நண்பரைக் கண்டித்தால் கில்காமேஷும் பகையாவார்.

போர் தவிர்க்கவே முடியாது என்றாகிவிட்டால், சர்ப்ரைஸ் வார் (முன்னறிவிப்பில்லாத போர்) மட்டும் வேண்டாம். அதற்குக் கிரீவன்ஸ் 150. டினவுன்ஸ் செய்து 5 டர்ன் காத்திருந்தால் ஃபார்மல் வார் (முறையான போர்) கிடைக்கும், அதற்கு 100. உங்கள்மீது படையெடுத்து வந்தவரோ, முதல் 10 டர்ன் சமாதானம் பேசவே மாட்டார். அதுவரை நகரத்தைக் காப்பாற்றினால் போதும். அதன்பின் அவர் தங்கம் கேட்டால் உடனே நீட்டாமல், மேசையில் வெறும் சமாதானத்தை மட்டும் வைத்துப் பாருங்கள். தாக்குதல் தோற்றிருந்தால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்.