அக்குளில் விழுந்த ஓட்டை

ஸ்வெட்டரை முன், பின், கை எனத் தனித்தனியாகப் பின்னித் தைத்துத்தான் எனக்குப் பழக்கம். இந்த முறை பேரனுக்காக, கழுத்தில் தொடங்கித் தையலே இல்லாமல் கீழே இறங்கும் ராக்லன் முறையை எடுத்தேன். உடல் அழகாக வந்தது. கையை ஆரம்பித்ததும் அக்குளின் இரு முனையிலும் சுண்டுவிரல் நுழையும் ஓட்டை! நூலால் இழுத்துத் தைத்தேன், முடிச்சாகத் துருத்தியது. குழந்தைக்கு உறுத்துமே.

சரி என்று கையைப் பிரித்தேன். உடலைப் பின்னும்போது அக்குளில் புதிதாகப் போட்ட 8 கண்ணிகளை (நூல் வளையங்களை) கைக்காக ஊசியில் எடுக்கும்போது, இரு முனை இடைவெளியிலும் ஒவ்வொரு கண்ணி கூடுதலாக எடுத்தேன். அங்கே தொங்கும் இழையை அப்படியே எடுத்தால் ஓட்டை பெரிதாகும். முறுக்கித்தான் எடுக்க வேண்டும். அடுத்த சுற்றில் அதைப் பக்கத்துக் கண்ணியோடு சேர்த்துப் பின்னினேன். எண்ணிக்கை மாறவில்லை. விளக்கு முன்னால் பிடித்துப் பார்த்தேன், அங்கே பொட்டு வெளிச்சம்கூடத் தெரியவில்லை.