ஒரு கம்ப்யூட்டரின் ஃபோல்டர் இன்னொன்றில் திறக்கவில்லையா? இந்த வரிசையில் பாருங்கள்

கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் டிடிபி கடை, மாடியில் குடியிருப்பு. பாலக்காடு மாவட்டத்தின் எல்லையோரம் என்பதால், ஒரே கல்யாணப் பத்திரிகையைத் தமிழில் ஒரு பக்கம், மலையாளத்தில் ஒரு பக்கம் என்று கேட்பவர்கள் நிறைய. தமிழ்ப் பக்கம் கீழே தயாராகும், மலையாளம் மாடியில். பென் டிரைவோடு படியேறி இறங்க முடியாமல்தான் ஃபோல்டர் ஷேரிங்குக்கு வந்தோம். அது மக்கர் செய்தால் எதிலிருந்து ஆரம்பிப்பது என்று சொல்கிறேன். ஃபைல் இருக்கும் கம்ப்யூட்டரைக் 'கடை' என்றும், அதைத் திறக்கப் பார்ப்பதை 'மாடி' என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டிலும் விண்டோஸ் 11.

படி 1: இரண்டும் ஒரே நெட்வொர்க்கில் இருக்கின்றனவா?

செட்டிங்ஸில் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், அதில் உங்கள் வைஃபை அல்லது ஈதர்நெட்டின் ப்ராப்பர்ட்டீஸ். அங்கே ஐபிவி4 அட்ரஸ், அதாவது நெட்வொர்க்கில் அந்தக் கம்ப்யூட்டரின் எண், இருக்கும். கடையில் 192.168.1.5, மாடியில் 192.168.1.8 என்பது போல முதல் மூன்று எண்களும் ஒன்றாக இருந்தால் சரி. 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் அட்ரஸே கொடுக்கவில்லை. கேபிளையும் ரவுட்டரையும் பாருங்கள்.

மாடியில் மட்டும் 192.168.0.8 என்று வந்தால், ஃபைபர் மோடத்தோடு இரண்டாவது ரவுட்டர் ஒன்றை மாட்டியிருப்பீர்கள். இது பாதி வேலை செய்து ஆளைக் குழப்பும்: மாடியிலிருந்து கடைக்குப் போகலாம், கடையிலிருந்து மாடிக்கு வராது. இரண்டாவது ரவுட்டரை ஆக்சஸ் பாயிண்ட் மோடுக்கு (தனி நெட்வொர்க் உருவாக்காமல் வைஃபையை மட்டும் நீட்டுவது) மாற்றினால் தீரும். கெஸ்ட் வைஃபையில் சேர்ந்திருந்தாலும் ஒன்றையொன்று பார்க்காது, அதன் வேலையே அதுதான்.

படி 2: ப்ரைவேட்டா, பப்ளிக்கா?

அதே ப்ராப்பர்ட்டீஸ் பக்கத்தில் ப்ரைவேட் நெட்வொர்க்கைத் தேர்வு செய்யுங்கள். அப்புறம் அட்வான்ஸ்ட் நெட்வொர்க் செட்டிங்ஸில் அட்வான்ஸ்ட் ஷேரிங் செட்டிங்ஸ் போய், நெட்வொர்க் டிஸ்கவரி, ஃபைல் அண்ட் ப்ரின்டர் ஷேரிங் இரண்டையும் ஆன் செய்யுங்கள். இரண்டு கம்ப்யூட்டரிலும்.

படி 3: பெயரைத் தேடாமல் அட்ரஸை நேரே அடியுங்கள்

நெட்வொர்க் பட்டியலில் கடையின் பெயர் தெரியவில்லை என்றுதான் பலரும் பதறுவார்கள். அந்தப் பட்டியலை நம்பவே வேண்டாம். மாடியில் ஃபைல் எக்ஸ்ப்ளோரர் திறந்து, மேலே அட்ரஸ் பாரில் \\192.168.1.5 என்று (உங்கள் கடையின் எண்ணைப் போட்டு) அடித்து என்டர் தட்டுங்கள்.

இங்கே வரும் பதில்தான் முக்கியம். பாஸ்வேர்ட் கேட்டால் வழி சரி, படி 4க்குப் போங்கள். அனுமதி இல்லை என்றால் படி 5. 80070035 என்று முடியும் எரர் வந்தால், கடை வரைக்குமே போய்ச் சேரவில்லை. படி 2 சரியாக இருந்தும் இப்படி வந்தால், கடையில் தனியாகப் போட்ட ஆன்டிவைரஸின் ஃபயர்வால், ஃபைல் ஷேரிங் வந்துபோகும் வழியான 445ஆம் போர்ட்டை அடைத்திருக்கலாம். அதன் செட்டிங்ஸில் வீட்டு நெட்வொர்க்கை நம்பகமானது என்று குறியுங்கள்.

'எஸ்எம்பி1 ஆன் பண்ணு' என்று, ஃபைல் ஷேரிங்கின் பழைய முறையை யாராவது சொல்வார்கள். வேண்டாம். 2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை வைரஸ் பரவியது அந்தப் பழைய முறையின் ஓட்டை வழியாகத்தான்.

படி 4: பின் நம்பர் செல்லாது

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். மாடியில் கேட்பது கடைக் கம்ப்யூட்டரின் அக்கவுண்ட், மாடியுடையது அல்ல. தினமும் உள்ளே போகத் தட்டும் நாலு இலக்க பின் இதற்கு உதவாது; அக்கவுண்டின் முழு பாஸ்வேர்ட் வேண்டும். பாஸ்வேர்டே வைக்காத அக்கவுண்டையும் விண்டோஸ் நெட்வொர்க் வழியாக உள்ளே விடாது.

எனக்குப் பிடித்த வழி, கடையில் இதற்கென்றே ஒரு லோக்கல் அக்கவுண்ட் உருவாக்கி அதற்குப் பாஸ்வேர்ட் வைப்பது. வீட்டில் யாருக்கும் உங்கள் மெயில் பாஸ்வேர்டைச் சொல்ல வேண்டியதில்லை. முன்பே தப்பான பாஸ்வேர்ட் சேமிக்கப்பட்டிருந்தால், மாடியில் விண்டோஸ் பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் க்ரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்து பழையதை அழித்துவிடுங்கள்.

படி 5: இரண்டு இடத்திலும் அனுமதி

ஃபோல்டரின் ப்ராப்பர்ட்டீஸில் ஷேரிங் ஒரு டேப், செக்யூரிட்டி இன்னொரு டேப். இரண்டில் எது கண்டிப்பானதோ அதுதான் செல்லும். ஷேரிங்கில் எழுத அனுமதி கொடுத்துவிட்டு செக்யூரிட்டியில் ரீட் மட்டும் இருந்தால், பத்திரிகை திறக்கும், திருத்திச் சேமிக்க முடியாது. ஷேரிங் டேபில் உள்ள 'ஷேர்' பட்டனை அழுத்தி, அந்த லோக்கல் அக்கவுண்டைச் சேர்த்து ரீட்/ரைட் கொடுத்தால், பொதுவாக இரண்டும் சேர்ந்தே மாறும்.

நேற்று வேலை செய்தது, கரண்ட் போய் வந்ததும் இன்று இல்லை என்றால், ரவுட்டர் கடைக்கு வேறு எண் கொடுத்திருக்கும். ரவுட்டர் எண்களைப் பிரித்துக் கொடுக்கும் டிஹெச்சிபி பக்கத்தில் அந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரே எண்ணை ரிசர்வ் செய்யுங்கள். கடைக் கம்ப்யூட்டர் ஸ்லீப்புக்குப் போனாலும் ஷேரிங் நின்றுவிடும். பவர் செட்டிங்ஸில் ஸ்லீப்பை 'நெவர்' ஆக்குங்கள். ஸ்க்ரீன் மட்டும் அணையட்டும்.