கடற்படை டெண்டர்: விலை போடும் முன் பார்க்க வேண்டியவை

அம்பத்தூரிலோ திருமுடிவாக்கத்திலோ இருக்கும் ஒரு சிறு தொழிற்சாலைக்குக் கடற்படை டெண்டர் ஒன்று கண்ணில் படுகிறது. பவர் சப்ளை பெட்டியாக இருக்கலாம், கன்சோலாக இருக்கலாம், கடல்நீர் பம்பாகவோ சோனார் கேபிளாகவோ இருக்கலாம். உடனே எழும் கேள்வி, "என்ன ரேட் போடலாம்?" கப்பல் வேலையில் அதைக் கடைசியாகத்தான் கேட்க வேண்டும். நஷ்டம் ஒளிந்திருக்கும் இடங்கள் மூன்று: சோதனைப் பட்டியல், ஒப்புதலுக்கு ஆகும் நாட்கள், வாரண்டி தொடங்கும் தேதி. விலைப் பட்டியலில் இந்த மூன்றுமே தெரியாது.

வாங்குவது யார்?

முதல் பக்கத்திலேயே இதற்கு விடை இருக்கும். கடற்படை நேரடியாகப் புதிய கருவி வாங்கினால் அது மூலதனக் கொள்முதல். பாதுகாப்புக் கொள்முதல் நடைமுறை, அதாவது டி.ஏ.பி., பொருந்தும். உதிரிபாகம், பழுதுபார்ப்பு, ரீஃபிட் (கப்பலை நிறுத்திவைத்துச் செய்யும் பெரிய பராமரிப்பு) ஆகியவை வருவாய்க் கொள்முதல், அதற்கு டி.பி.எம். எனப்படும் பாதுகாப்புக் கொள்முதல் கையேடு. அதன் புதிய பதிப்பு 2025 நவம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அரசுக் கப்பல் கட்டும் தளங்களுக்கு அவற்றின் சொந்தக் கொள்முதல் விதிகள் உண்டு. தனியார் தளம் என்றால் பர்ச்சேஸ் ஆர்டரில் எழுதியிருப்பதுதான் சட்டம்.

சென்னைக்காரர்களுக்கு இதில் ஒரு குழப்பம் வரும். ஐ.என்.எஸ். அர்னாலா என்ற போர்க்கப்பலின் ஒப்பந்தம் கொல்கத்தாவின் ஜி.ஆர்.எஸ்.இ. நிறுவனத்துடையது; கப்பல் உருவானது எண்ணூரை அடுத்த காட்டுப்பள்ளி எல் அண்ட் டி தளத்தில். இப்படிப்பட்ட திட்டங்களில் பில் யார் பெயரில், சரக்கு எந்தக் கிடங்குக்கு, பணம் எங்கிருந்து என்று மூன்றையும் தனித்தனியாக எழுதிவைத்துக்கொள்ளுங்கள். உத்யம் (சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவு) பெற்ற குறு, சிறு உற்பத்தியாளர் அரசு டெண்டரில் முன்வைப்புத் தொகை (இ.எம்.டி.) கட்ட வேண்டியதில்லை. எல்-1 எனப்படும் மிகக் குறைந்த விலையைவிட 15 சதவீதத்துக்குள் நீங்கள் இருந்தால், அந்த விலைக்கு இறங்கிவந்து குறைந்தது 25 சதவீத அளவைப் பெறும் வாய்ப்பும் உண்டு. தனியார் வாங்குபவரிடம் இந்த இரண்டையும் எதிர்பார்க்க முடியாது.

சோதனைப் பட்டியல்

எஸ்.ஓ.டி.ஆர். எனப்படும் தொழில்நுட்பத் தேவை அறிக்கையை எடுத்து, சோதனைகளை மட்டும் ஒரு தாளில் பிரித்து எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஐந்து விவரம் வேண்டும்: எந்த ஸ்டாண்டர்ட், எந்தப் பதிப்பு, எந்த லேப், எத்தனை நாள், செலவு யாருடையது.

பதிப்பு சிறிய விஷயம்போலத் தோன்றும். மின்காந்த இடையூறுக்கான மில் ஸ்டாண்டர்ட் (அமெரிக்க ராணுவத் தரநிலை) 461-இன் எஃப் பதிப்பில் இல்லாத சி.எஸ்.117, சி.எஸ்.118 என்ற இரண்டு சோதனைகள் 2015-இல் வந்த ஜி பதிப்பில் சேர்ந்தன. ஒன்று மின்னல் தூண்டும் மின்னதிர்வுக்கு, மற்றொன்று நிலைமின்சாரத்துக்கு. வேறொரு வேலைக்காக எஃப் பதிப்பில் வாங்கிய ரிப்போர்ட்டை இங்கே நீட்டினால் இன்ஸ்பெக்டர் ஏற்கமாட்டார். தரமணியில் சமீர் என்ற மத்திய அரசு ஆய்வு நிறுவனத்தின் வளாகத்தில் இந்தச் சோதனைக்கு வசதி இருப்பது சென்னைக்கு நல்வாய்ப்பு. ஆனால் தேதி கேட்டுவிட்டுத்தான் அட்டவணை போட வேண்டும். முதல் முயற்சியில் அதிகம் தடுக்கி விழுவது, கருவியிலிருந்து காற்றிலும் கம்பியிலும் கசியும் இடையூறை அளக்கும் ஆர்.இ.102, சி.இ.102 இரண்டிலும். கேபிள் ஷீல்டைக் கனெக்டரைச் சுற்றி 360 பாகையும் பிடிக்காமல் வால்போல் முறுக்கி ஒரு ஸ்க்ரூவில் கட்டுவது, பெயின்ட் அடித்த பரப்பின்மேல் எர்த் கொடுப்பது, ஃபில்டரைப் பெட்டியின் வாயிலில் வைக்காமல் உள்ளே தள்ளிவைப்பது ஆகியவையே வழக்கமான காரணங்கள். ஆகவே ஒரு மறுசோதனைக்கான செலவையும் நாட்களையும் முதலிலேயே சேர்த்துவிடுங்கள்.

அதிர்ச்சிச் சோதனைக்கு, அதாவது வெடிப்பின் அதிர்வைக் கருவி தாங்குமா என்று பார்ப்பதற்கு, தனிக் கணக்கு வேண்டும். மில்-எஸ்-901 என்ற தரநிலையைக் கேட்டிருந்தால் கிரேடு ஏ-வா, பி-யா என்று பாருங்கள். ஏ என்றால் அடி வாங்கிய பிறகும் கருவி வேலை செய்ய வேண்டும். பி என்றால் கழன்று விழுந்து யாருக்கும் ஆபத்தாகக் கூடாது, அவ்வளவுதான். எடை குறைந்த கருவிகளுக்கான இயந்திரத்தில் 400 பவுண்டு சுத்தியல் 1, 3, 5 அடி உயரங்களிலிருந்து மூன்று அச்சுகளிலும் விழும். மொத்தம் 9 மோதல்கள். அப்படி அடி வாங்கிய யூனிட்டைக் கப்பலுக்குக் கொடுக்கலாமா என்று டெண்டர் சொல்லாவிட்டால் ஒரு யூனிட்டைக் கூடுதலாகச் செய்யக் கணக்குப் போடுங்கள். 12 கேட்டால் 13-க்கான பொருள் வாங்க வேண்டும். அதிர்வை உறிஞ்சும் தாங்கியான ஷாக் மவுண்ட்டின் விலையைவிட அது வந்துசேர ஆகும் மாதங்கள்தான் பிரச்சினை.

தட்பவெப்பம், உப்புத்தூவல், அதிர்வு ஆகியவை பெரும்பாலும் ஜே.எஸ்.எஸ். 55555 என்ற இந்தியப் பாதுகாப்புத் தரநிலையின்படி இருக்கும், சென்னையிலேயே லேப் கிடைக்கும். நீருக்கடியில் போகும் பாகமென்றால் பள்ளிக்கரணை என்.ஐ.ஓ.டி.யில் (தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம்) உயர் அழுத்தக் கலனும் ஒலியியல் சோதனைத் தொட்டியும் உள்ளன. மின்சாரத்தையும் கவனியுங்கள். கரையில் நமக்குப் பழகியது 50 ஹெர்ட்ஸ். கப்பலில் 440 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் கேட்கப்படலாம். அந்த சப்ளை உங்கள் பட்டறையில் இல்லையென்றால் அதற்கொரு கன்வெர்ட்டரை வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ வேண்டும்.

நாட்களைப் பின்னிருந்து எண்ணுங்கள்

டெலிவரி 10 மாதம் என்று போட்டிருக்கும். கடைசி நாளிலிருந்து பின்னோக்கி வாருங்கள்: சரக்கு அனுப்புதல், இன்ஸ்பெக்ஷன் நோட் (ஆய்வில் தேறியதற்கான சான்று), தொழிற்சாலை ஏற்புச் சோதனை, தகுதிச் சோதனைகள், அசெம்பிளி, கனெக்டரும் மவுண்ட்டும் வரும் காலம், தரத் திட்ட ஒப்புதல், வரைபட ஒப்புதல். பல டெண்டர்களில் காலம் ஓடத் தொடங்குவது ஒப்பந்தத் தேதியிலிருந்து. வரைபடம் அவர்கள் மேசையில் இரண்டு மாதம் கிடந்தாலும் அது உங்கள் கணக்கில்தான் ஏறும். டெண்டர் போடும் முன் வாங்குபவர் நடத்தும் முன்-ஏலக் கூட்டத்தில் எழுத்துமூலம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: "வரைபட ஒப்புதல் தேதியிலிருந்து டெலிவரி காலத்தைக் கணக்கிடலாமா? இல்லையெனில் ஒப்புதலுக்கு எத்தனை நாள்?" பதில் திருத்த அறிவிப்பாக வெளிவந்தால்தான் செல்லும். கூட்டத்தில் யாரோ தலையாட்டியது ஒப்பந்தத்தில் ஏறாது.

தாமத அபராதத்தைச் சதவீதமாக விடாமல் ரூபாயில் எழுதிப் பாருங்கள். ஓர் உதாரணம்: யூனிட் 10 லட்சம், 12 யூனிட், மொத்தம் 1.2 கோடி. 2009 டி.பி.எம். கையேட்டின் வழக்கப்படி வாரத்துக்கு 0.5 சதவீதம் என்றால் எல்லா யூனிட்டும் தாமதமானால் வாரம் 60,000 ரூபாய். 20 வாரத்தில் உச்சமான 10 சதவீதம், அதாவது 12 லட்சம். 12 சதவீத லாபம் வைத்திருந்தால் அது 14.4 லட்சம். மிச்சம் எவ்வளவு என்று தெரிகிறதல்லவா? 2025 கையேடு உச்சத்தை 5 சதவீதமாகக் குறைத்து, மிகையான தாமதத்துக்கு மட்டும் 10 வைத்திருக்கிறது. உங்கள் டெண்டர் எந்தக் கையேட்டின்படி வந்தது என்று பார்த்த பிறகே கணக்கைப் போடுங்கள்.

வாரண்டியும் முடங்கும் பணமும்

"பொருள் வந்த நாளிலிருந்து 12 மாதம்" என்பதும் "கப்பல் ஒப்படைத்த நாளிலிருந்து 12 மாதம்" என்பதும் வேறு வேறு வேலைகள். இரண்டாவதில் உங்கள் பெட்டி தளத்தின் கிடங்கில் ஆண்டுக்கணக்கில் கிடக்கலாம். அதுவரை வாரண்டி தொடங்கவே தொடங்காது. ஒப்பந்தத்தை முடித்துக் கொடுப்பதற்காக நீங்கள் வைக்கும் நிறைவேற்று உத்தரவாதம் வாரண்டி முடிந்து இன்னும் 60 நாள் வரை உயிரோடு இருக்க வேண்டும் என்பது பொது நிதி விதி. மேலே சொன்ன உதாரணத்தில் 5 சதவீதம் என்றால் 6 லட்சம் ரூபாய் பேங்க் கேரண்டி. அதற்கு வங்கி பிடித்துவைக்கும் மார்ஜினும் ஆண்டுக் கமிஷனும் அத்தனை காலத்துக்கும் விலையில் ஏற வேண்டும். கிடங்கில் வைத்துப் பராமரிக்கும் முறையையும், அதிகபட்ச வாரண்டி காலத்தையும் கேள்வியாக அனுப்புங்கள்.

கப்பலில் பொருத்தி இயக்கிக்காட்டுவது, துறைமுகச் சோதனை, கடல் சோதனை ஆகியவற்றுக்கு உங்கள் இன்ஜினியர் விசாகப்பட்டினத்துக்கோ மும்பைக்கோ போக வேண்டியிருக்கும். கப்பல் வெளியே போய்விட்டால் சோதனை தள்ளிப்போகும், ஆள் திரும்பி வருவார், பிறகு மறுபடி போவார். "தேவைப்படும் அத்தனை முறையும்" என்று டெண்டரில் இருந்தால் இத்தனை ஆள்-நாள், அதற்கு மேல் தனிக் கட்டணம் என்று வரையறுக்கக் கேளுங்கள். மறுத்தால் திட்டமிட்டதைவிட இரு மடங்கு பயணத்துக்கு விலை வையுங்கள்.

குறு, சிறு நிறுவனத்துக்கு ஏற்றுக்கொண்ட சரக்கின் பணம் 45 நாளுக்குள் வர வேண்டும். தாமதித்தால் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு கூட்டு வட்டி என்பது சட்டம். ஆனால் "ஏற்றுக்கொண்ட" என்ற சொல்லுக்கு முன்னால் இன்ஸ்பெக்ஷன் நோட் நிற்கிறது. நடைமுறை மூலதனத்தைக் கணக்கிடும்போது 45 நாளை மட்டும் நம்பினால் போதாது.

உள்நாட்டு அளவு

வகுப்பு-1 உள்ளூர் வழங்குநர் (அரசு டெண்டரில் முன்னுரிமை பெறுபவர்) ஆக, பொருளின் மதிப்பில் 50 சதவீதம் உள்நாட்டினதாக இருக்க வேண்டும். ரிச்சி தெருவில் ரூபாய் பில்லில் வாங்கிய கனெக்டர் வெளிநாட்டில் செய்ததென்றால், கணக்கில் அது இறக்குமதியே. அதோடு, மூலச் சான்றிதழ் இல்லாத உதிரியைத் தர ஆய்வில் நிராகரிப்பார்கள். கொள்முதல் மதிப்பு 10 கோடிக்கு மேல் போனால் தணிக்கையாளர் சான்றும் வேண்டும். இந்தியாவுடன் நில எல்லை கொண்ட நாடுகள் குறித்த உறுதிமொழியில் கையெழுத்திடும் முன் பாகப் பட்டியலை வரிவரியாகப் பாருங்கள்.

இணக்கப் பட்டியல்

டெண்டர் கேட்கும் தேவைகளின் எல்லா வரிக்கும் எதிரே "இணங்குகிறோம்" என்று காப்பி-பேஸ்ட் செய்யும் பழக்கம் பரவலாக இருக்கிறது. மதிப்பீட்டுக் குழு அதை ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடும். ஒவ்வொரு வரிக்கும் எதிரே வரைபட எண், ரிப்போர்ட் பக்கம் அல்லது சோதனைத் திட்டத்தின் பத்தி வர வேண்டும். முடியாத இடத்தில் விலகலை வெளிப்படையாக எழுதுங்கள். மறைத்து எல்-1 ஆகிவிட்டால், பிறகு உங்கள் செலவிலேயே அதைச் செய்து கொடுக்க வேண்டிவரும். டிஜிட்டல் கையொப்பச் சான்று காலாவதியாகவில்லையா என்று ஒரு வாரம் முன்பே சரிபார்த்து, கடைசி நாளுக்கு முந்தைய நாளே பதிவேற்றிவிடுங்கள்.

இவ்வளவும் எழுதி முடித்தபின் மறுசோதனை, கூடுதல் யூனிட், 8 வாரத் தாமத அபராதம், நீண்ட வாரண்டி ஆகிய நான்கையும் சேர்த்துப் போட்ட விலையிலும் லாபம் நின்றால் டெண்டர் போடலாம். நிற்கவில்லையென்றால், முதன்மை ஒப்பந்தக்காரராக வரக்கூடியவரிடம் துணை வழங்குநராகப் பேசிப் பார்க்கலாம். தகுதிச் சோதனையின் பாரம் பெரும்பாலும் அவர்மேல் போகும். அழைப்பின்பேரில் வந்த டெண்டராக இருந்து விலகுவதாக முடிவெடுத்தால், காரணத்துடன் ஒரு மறுப்புக் கடிதம் கட்டாயம் அனுப்புங்கள். பதிலே சொல்லாத வழங்குநரின் பெயர் அடுத்த அழைப்புப் பட்டியலில் விடுபட்டுப் போகக்கூடும்.