ஆத்தங்குடி கல்லுக்கு த்ரீ-டி பிரிண்டரில் அச்சு: முதல்முறை செய்பவர்களுக்கு

காரைக்குடிப் பக்கம் போனால் ஆத்தங்குடியில் கல் (தரையில் பதிக்கும் சிமெண்ட் டைல்) போடும் பட்டறை ஒன்றில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். சூளை கிடையாது, பிரஸ் கிடையாது. ஒரு கண்ணாடித் தட்டு, அதன்மேல் சட்டம், சட்டத்துக்குள் பூ அச்சு. அச்சின் அறைகளில் வண்ணச் சிமெண்ட் குழம்பை ஊற்றி அச்சை மேலே தூக்கினால், பூ கண்ணாடிமேல் நிற்கும். அதற்குப் பின்னால் உலர் கலவை, அதற்கும் பின்னால் ஈரச் சாந்து. கல்லின் வழவழப்பு அந்தக் கண்ணாடி கொடுப்பது.

இதில் வீட்டில் செய்யச் சிரமமானது அச்சு ஒன்றுதான். அதை மட்டும் பிரிண்டருக்குக் கொடுத்துவிட்டு மீதியைக் கையால் செய்யப் போகிறோம். கல்லையே பிரிண்ட் எடுத்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. எடுக்கலாம், கையில் பிளாஸ்டிக் தட்டு ஒன்று கிடைக்கும்.

ஏன் பிரிண்டர்?

அச்சு என்பது குழம்புகள் ஒன்றோடொன்று கலக்காமல் நிறுத்தும் மெல்லிய சுவர்கள்தான். சுவர் தடித்திருந்தால் தூக்கியதும் விழும் இடைவெளி மூடாது. லேசரில் அக்ரிலிக் ஷீட்டை வெட்டினால் இவ்வளவு மெல்லிய, உயரமான சுவர் வராது. பூவின் உள்வட்டம் தனியாகக் கழன்று விழும். தகட்டை வளைத்துப் பற்றவைக்கும் உலோக அச்சுதான் காலத்துக்கும் நிற்பது. ஆனால் டிசைன் சரியா என்று தெரியும் முன்பே அந்தச் செலவு வேண்டாம். சோதனைக்குப் பிரிண்டர் போதும்.

வரைவது

10 செ.மீ. சதுரக் கல்லாக வைத்துக்கொள்வோம். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் 90 மி.மீ.க்குள் அடங்கும் எட்டிதழ்ப் பூ, நடுவில் ஒரு வட்டம். கோடுகள் கல்லின் விளிம்பைத் தொட வேண்டாம். நான்கு கல் சேர்ந்தால் முழுப் பூவாகும் மூலை டிசைன்கள் செட்டிநாட்டு வீடுகளில் அழகாக இருக்கும்தான், ஆனால் அதில் சட்டத்தின் ஓரத்தில் குழம்பு கசியும். அது அடுத்த கல்லுக்கு. எந்த அறையும் 8 மி.மீ.க்குக் குறுகலாக இருக்கக்கூடாது, கரண்டி முனை நுழையாது.

ஒரே படத்தை இரண்டு கோப்புகளாகச் சேமியுங்கள்: கோட்டுத் தடிமன் ஒன்றில் 1.2 மி.மீ., மற்றதில் 0.8. இரண்டிலும் 'ஸ்ட்ரோக் டு பாத்' கொடுத்து (கோட்டைத் தடிமனுள்ள வடிவமாக மாற்றும் கட்டளை) எஸ்விஜி என்ற கோப்பு வகையில் சேமிக்கவும். 0.4 மி.மீ. நாசிலுக்கு (பிரிண்டரில் உருகிய பிளாஸ்டிக் வெளிவரும் துளை) 0.8 என்பது இரண்டு வரி, 1.2 என்பது மூன்று வரி. அதனால்தான் இந்த அளவுகள்.

மாடல்

அச்சைத் தலைகீழாகக் கட்டப் போகிறோம். டிங்கர்கேட் என்ற த்ரீ-டி மாடல் மென்பொருளில் 1.2 கோப்பை 18 மி.மீ. உயரத்துக்கு ஏற்றுங்கள். அதன்மேல் 0.8 கோப்பை 5 மி.மீ.க்கு வைத்து இரண்டின் நடுவையும் 'அலைன்' செய்யுங்கள். மொத்தம் 23 மி.மீ. இந்த மெல்லிய முனைதான் கண்ணாடியில் உட்காரும் பகுதி. இறக்குமதியில் அளவு மாறிவிடுவது சகஜம், ரூலர் வைத்துச் சரிபார்க்கவும்.

அப்புறம் பாலங்கள். அடித்தளத்திலிருந்து 4 மி.மீ. உயரம், 6 மி.மீ. அகலத்தில் பட்டைகள், எல்லா இதழ்ச் சுவர்களையும் நடுவட்டத்தையும் தொட்டுச் செல்ல வேண்டும். நான்கு பக்கமும் 10 மி.மீ. வெளியே நீட்டிவிடுங்கள், கைப்பிடி அதுவே. சுவரும் பாலமும் ஒரே மட்டத்தில் தொடங்குவதால் பிரிண்ட் செய்யும்போது சப்போர்ட் (அந்தரத்தில் நிற்கும் பகுதிக்குத் தற்காலிக முட்டு) தேவைப்படாது.

இடவலம் மாறுமோ என்று குழம்பாதீர்கள். கண்ணாடியைத் தொடும் பக்கம்தான் கல்லின் முகம். மாடலில் மேலிருந்து பார்க்கும்போது தெரிவதும் அந்த முகமே. ஆக 'ழ' என்று நேராக எழுதினால் கல்லிலும் நேராகவே வரும். மிரர் பட்டனைத் தொட வேண்டாம்.

பிரிண்ட்

பிஎல்ஏ பிளாஸ்டிக் இழை, 0.2 மி.மீ. லேயர் (ஒவ்வோர் அடுக்கின் உயரம்). வேகத்தைக் குறைத்து வையுங்கள், மெல்லிய சுவர் ஆடும். எடுத்ததும் 220 எண் உப்புத்தாளைக் கண்ணாடிமேல் விரித்து, முனைகளை அதில் மெதுவாகத் தேய்த்து ஒரே மட்டமாக்குங்கள். கண்ணாடியில் வைத்தால் முனைக்கும் கண்ணாடிக்கும் இடையே எங்கும் வெளிச்சம் ஊடுருவக்கூடாது.

கல் போடுவது

கையுறை கட்டாயம், ஈரச் சிமெண்ட் காரம், தோலை அரிக்கும். பொடிகளைக் கலக்கும்போது மாஸ்க்கும் போட்டுக்கொள்ளுங்கள்.

சட்டத்துக்கு 15 மி.மீ. உயர மரச்சட்டங்கள் நான்கு, திருகு போட்டு, கழற்றும்படி. அச்சின் பாலம் 19 மி.மீ. உயரத்தில் நிற்பதால் சட்டத்தில் இடிக்காது. கீழே 5 மி.மீ. கண்ணாடி. அதில் துளி எண்ணெய் தொட்டு, உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். ஒரு தலைமுடி கிடந்தாலும் கல்லில் பதியும்.

குழம்புக்கு ஒயிட் சிமெண்டும் மார்பிள் பவுடரும் சம அளவு. 100 கிராம் சிமெண்டுக்கு 5 கிராம் ஆக்சைடு பொடி. 10 கிராமைத் தாண்டினால் கல் பலமிழக்கும். சிவப்பு, மஞ்சள், கறுப்புக்கு இரும்பு ஆக்சைடு, பச்சைக்குக் குரோமியம் ஆக்சைடு. கண்ட சாயப் பொடியெல்லாம் சிமெண்டின் காரத்தில் வெளுத்துவிடும். தோசை மாவுப் பதம். 4 மி.மீ. கனத்துக்கு எல்லா வண்ணமும் சேர்த்தே 40 மில்லிதான் பிடிக்கும், அதிகம் கரைத்து வைக்காதீர்கள்.

முதலில் சின்ன அறைகள், கடைசியில் பூவுக்கு வெளியே உள்ள தரை நிறம். ஒவ்வோர் அறையிலும் மட்டம் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று உயர்ந்திருந்தால், அச்சைத் தூக்கிய நொடியில் அது பக்கத்து நிறத்துக்குள் பாயும். தாமதிக்காமல், நீட்டிய பாலங்களை இரு கையாலும் பிடித்துச் செங்குத்தாகத் தூக்குங்கள். ஆட்டக்கூடாது, திருப்பக்கூடாது. சுவர் இருந்த கீறல் கண்முன்னே மெல்ல மூடிக்கொள்ளும். மூடாவிட்டால் மேசையில் லேசாக ஒரு தட்டு, அவ்வளவுதான். பட்டறைக் கற்களில் இதழ் ஓரம் கொஞ்சம் அலைபாய்ந்திருக்கிறதே, அது இங்கே வருவதுதான். எனக்கு அந்தக் கோணல்தான் பிடிக்கும்.

உடனே 1 பங்கு சிமெண்ட், 2 பங்கு சலித்த மணல் சேர்த்த உலர் கலவையைச் சல்லடையால் தூவுங்கள். குழம்பின் அதிகப்படி நீரை இது குடித்துவிடும். ஈரம் மேலே தெரியாத வரை தூவலாம். பிறகு 1:3 சாந்தைக் கெட்டியாகப் பிசைந்து, சட்டம் நிறையப் போட்டு, கரணையால் அழுத்தி மட்டம் செய்யவும்.

காத்திருப்பு

ஒரு நாள் நிழலில். மறுநாள் சட்டத்தைக் கழற்றி, கண்ணாடியோடு தண்ணீர்த் தொட்டியில் இறக்குங்கள். ஒரு வாரம் ஊறட்டும். கண்ணாடி பெரும்பாலும் தானே விட்டுவிடும். விடாவிட்டால் பக்கவாட்டில் தள்ளுங்கள், நெம்பாதீர்கள். சிமெண்ட் முழுப் பலம் பெற 28 நாள் கணக்கு, அதுவரை கல்மேல் பாரம் வைக்க வேண்டாம்.

அச்சை ஒவ்வொரு கல்லுக்குப் பிறகும் உடனே கழுவவும். சிமெண்ட் காய்ந்தால் லேயர் இடுக்குகளில் பிடித்துக்கொள்ளும். காரைக்குடி வெயிலில் கார் டாஷ்போர்டில் வைத்துவிடாதீர்கள். 60 டிகிரியை நெருங்கினால் பிஎல்ஏ வளைந்துவிடும். முனைகள் மழுங்கி நிறங்கள் கசிய ஆரம்பித்தால் புதிதாக ஒன்று பிரிண்ட் செய்யலாம். ஒரு தாழ்வாரம் முழுக்கப் போடும் அளவுக்கு டிசைன் பிடித்துப்போனால், அதே வரைபடத்தைத் தகட்டு வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். அவர் அச்சை மேலிருந்து, அதாவது கைப்பிடிப் பக்கமிருந்து பார்த்துக் கட்டுவார், அவருக்கு மட்டும் இடவலம் மாற்றித் தர வேண்டும்.