லென்ஸ் கோட்டிங் கத்துக்கறவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

லென்ஸ்ல ஒளி பட்டுத் திரும்பறத (ரிஃப்ளெக்‌ஷன) கொறைக்க மெல்லிசா படலம் போடற கோட்டிங் சேம்பருக்குப் புதுசா வர்ற பசங்களப் பாக்குறேன், எங்க செட் அன்னிக்கு சொதப்பின அதே எடத்துலதான் இவங்களும் சொதப்புறாங்க. கிளவுஸ் போடு, தூசி தட்டுன்னு சொல்ல ஆள் இருக்கு, அத விட்டுடறேன்.

550-ஐ நாலால வகுத்து அப்படியே போடறது

இத நெனச்சாலே இன்னும் எரிச்சலா வருது. பச்சை ஒளி 550 நானோமீட்டர், கால் அலை தடிமன் வேணும், அப்போ 137.5-ன்னு மானிட்டர்ல அடிச்சிட்டுப் போயிடறாங்க. தம்பி, அந்த 550 காத்துல இருக்கற அலைநீளம்ப்பா! படலமா போடற மெக்னீசியம் ஃப்ளூரைடுக்குள்ள போனா அது 1.38 மடங்கு சுருங்கி 399 கிட்ட வந்துடும், அதுல கால்னா 100 நானோமீட்டர்தான். அந்தத் தடிமன்லதான் படலத்து மேல பட்டுத் திரும்பற அலையும் உள்ள போய் கண்ணாடில பட்டுத் திரும்பற அலையும் அரை அலை தள்ளி வந்து ஒண்ண ஒண்ணு அடக்கும், 4 சதவீதத்துக்கு மேல இருந்த ரிஃப்ளெக்‌ஷன் 1.3 கிட்ட எறங்கும். 137.5 வச்சா அந்த வேலை 760 பக்கம், சிவப்போட கடைசி ஓரத்துக்குப் போயிடுது.

ஒரு பையன் இப்படி ஒரு பேட்ச் முழுசா ஓட்டிட்டான். திறந்து ட்யூப்லைட்டுக்கு நேரா பிடிச்சா, ஊதாவா தெரியவேண்டியது நீலமா நிக்குது. "அண்ணே, நீலமும் நல்லாத்தானே இருக்கு"ங்கறான். 300 டிகிரி சூட்டுல கண்ணாடியோட கெட்டியா ஒட்டுன படலம், தொடைச்சா போகுமா? மறுபடி பாலிஷ் போடணும், மறுபடி வளைவு செக் பண்ணணும், அதுலயும் பாதி தேறல. ஒரே ஒரு வகுத்தல விட்டதுக்கு!

சோப்புக் குமிழி கணக்க இங்க போடறது

குமிழிக்கு ரெண்டு பக்கமும் காத்து, அதனால ஒரு பக்கத்து அலை மட்டும் தலைகீழாகும். இங்க ஒளிவிலகல் எண் காத்துக்கு 1, படலத்துக்கு 1.38, கண்ணாடிக்கு 1.52-ன்னு ஏறிக்கிட்டே போறதால ரெண்டுமே தலைகீழாகுது, அதனால கணக்குல அது கழிஞ்சிடும்.

அடங்கின ஒளி காணாமப் போச்சுன்னு நெனைக்கறது

எங்கயும் போகல, லென்ஸ் வழியா உள்ள போகுது. லென்ஸ் டிசைனர் டென்னிஸ் டெய்லர் 1890-கள்லயே பாத்தாரு, நாள்பட்டு மேல மங்கிப்போன பழைய லென்ஸ் புதுசைவிட அதிகமா ஒளி விட்டுச்சு, அந்த மங்கலே ஒரு படலமா வேலை செஞ்சுது.

ஊதாவ சாயம்னு நெனைக்கறது

சாயம் இல்ல. பச்சை அடங்கி, மிச்ச சிவப்பும் நீலமும் திரும்பி வருது.

ஒரே அடுக்குல ஸீரோ கேக்கறது

வராது. இந்தக் கண்ணாடிக்கு 1.23 ஒளிவிலகல் எண்ணுல படலம் வேணும், அவ்ளோ கம்மியா, தொடைச்சா தாங்கற மாதிரி ஒரு பொருள் சேம்பர்ல கெடைக்காது. பல அடுக்குக்குத்தான் போகணும்.

சாச்சு வச்சு கலர் பாக்கறது

பாக்காத. சாய்க்கச் சாய்க்க அடங்கற அலைநீளம் கொறையும், அந்தத் தப்பான நீலம்கூட ஊதா மாதிரி தெரிஞ்சு பாஸ் ஆயிடும்.