தோசைக்கல்லில் வெல்ஷ் கேக்

ஆற்காட்டு மக்கன் பேடாவின் உள்ளே உலர்ந்த பழமும் பருப்பும் இருப்பதை அறிந்த வேலூர்க்காரர்களுக்கு, வேல்ஸ் நாட்டினர் உலர்திராட்சை சேர்த்துக் கல்லில் சுடும் இந்தச் சிறு கேக் அந்நியமாகத் தோன்றாது. ஆனால் இதற்கு எண்ணெயில் பொரிப்பதும் பாகில் ஊறவைப்பதும் கிடையாது. வெல்ஷ் மொழியில் இதற்கு வழங்கும் பெயரின் பொருளே 'கல்மேல் கேக்குகள்' என்பதுதான்; ஆகவே ஓவன் அடுப்பு இல்லாத வீட்டில், நன்கு பழகிய இரும்புத் தோசைக்கல்லே போதுமானது.

மைதா 225 கிராமுடன் பேக்கிங் பவுடர் ஒன்றரைத் தேக்கரண்டி, பட்டைத்தூளும் ஜாதிக்காய்த்தூளும் கலந்து அரைத் தேக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றைச் சலித்துக்கொள்ளுங்கள். உப்பில்லாத வெண்ணெய் 110 கிராமைத் துண்டுகளாக்கி, தட்டைக்குப் பிசறுவதைப் போல விரல்நுனியால் மாவில் பிசறி, அது ரவை போல உதிரும் பதத்துக்கு வந்ததும் சர்க்கரை 85 கிராமும் திராட்சை 70 கிராமும் சேருங்கள். அங்கே போடுவது விதையற்ற, மிகச் சிறிய கருந்திராட்சை. நம் கடைகளில் கிடைக்கும் பெரிய கருப்புத் திராட்சையை இரண்டாக நறுக்கி, விதை இருந்தால் நீக்கிவிடுங்கள். கழுவினால் ஈரம் போகத் துடைக்க வேண்டும். பிறகு அடித்த முட்டை ஒன்றையும், தேவைப்பட்டால் மட்டும் ஒரு மேசைக்கரண்டிப் பாலையும் ஊற்றி மாவை ஒன்றுசேருங்கள். பரோட்டா மாவைப் போல அடித்துப் பிசைந்தால் கேக் இறுகிவிடும்.

வேலூரின் கத்திரி வெயிலில்தான் உண்மையான சிக்கல் எழுகிறது. கை படும்போதே வெண்ணெய் உருகி எண்ணெயாகிவிட்டால், கேக் உதிராமல் பிசுபிசுக்கும். எனவே வெண்ணெயைக் குளிர்பெட்டியிலிருந்து அப்போதே எடுத்து, விடியற்காலையில் பிசறி, திரட்டிய மாவை மூடி இருபது நிமிடம் மீண்டும் குளிரவைப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

சப்பாத்தியைப் போல மெல்லியதாகத் தேய்க்காமல், அரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தடிமனில் தேய்த்து, டம்ளரின் வாயால் வட்டங்களாக வெட்டுங்கள். வெளியே துருத்தும் திராட்சை கல்லில் கருகிக் கசக்கும்; அதை உள்ளே அழுத்திவிடுங்கள். கல்லை வெங்காயத்தால் தேய்க்கும் வழக்கத்தை இன்று விட்டுவிட்டு, வெண்ணெயைத் துணியில் தொட்டு லேசாகப் பூசுங்கள். சிறு தீயில் பக்கத்துக்கு மூன்று நிமிடம் ஆகும். தீ மிகுந்தால் மேல்புறம் சிவந்து நடுவில் மாவு வேகாமல் நிற்கும் என்பதால், முதலில் ஒன்றை மட்டும் சுட்டுப் பிட்டுப் பார்த்துத் தீயைச் சரிசெய்யுங்கள். ஓரம் வெளிறியே இருக்கலாம், ஆனால் ஈரமாக இருக்கக் கூடாது.

சூடு ஆறும் முன் இருபுறமும் சர்க்கரையில் புரட்டுங்கள். முழுதும் ஆறிய பிறகே டப்பாவில் மூடிவையுங்கள். சூட்டோடு மூடினால் வியர்த்து நமுத்துவிடும்.